சதுரகிரி ஏறியாச்சு, கேதார்நாத் எம்மாத்திரம்?

1/
கொஞ்சம் நீளமான இழை. கேதார்நாத், பத்ரிநாத், அமர்நாத், முக்திநாத், கயிலாயம்னு இந்த வருஷம் டிக்கெட் போட்டு வச்சிருக்கவங்க, அப்பா அம்மாவை அனுப்பி வைக்கப் போறவங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. நான் சிவகாசிப் பக்கம் கிளினிக் வச்சிருக்கிற சாதாரணப் பொது மருத்துவன். இதுல என் தப்பு ஒண்ணும் இருக்கு. அதையும் சொல்றேன்.

2/
எங்க ஊர் ஆட்களுக்கு வடநாட்டு யாத்திரைன்னா மே மாசம்தான். தீபாவளி வரைக்கும் பட்டாசு ஆலையில மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி முடிஞ்சு லீவு கிடைக்கும்போது கேதார்நாத்துல நடை சாத்திருவாங்க. தீபாவளிக்கு அடுத்த ரெண்டாவது நாளோட அங்கே சீசன் முடிஞ்சது. அதனால சித்திரைப் பொங்கல் முடிஞ்ச கையோட கூட்டமா கிளம்புவாங்க. கிளம்புறதுக்கு முந்தின வாரம் டூர்க்காரர் கொடுத்த ஃபாரத்தோட என் கிளினிக்குக்கு வருவாங்க. "சார், ஒரு ஃபிட்னஸ் கையெழுத்து."

3/
அப்படி வந்தவர்தான் நம்ம அண்ணாச்சி. பேர் வேண்டாம். வயசு அறுபத்தொண்ணு. முப்பது வருஷம் பட்டாசு ஆலையில இருந்தவர், கடைசியில போர்மேன். வீட்டம்மாவும் அதே தொழில்தான், இன்னும் வேலைக்குப் போறாங்க. ரெண்டு பேரும் வருஷக்கணக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.

பிரஷர் பார்த்தேன், சுகர் ரிப்போர்ட் பார்த்தேன். "மாடி ஏறினா மூச்சு வாங்குதா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "என்ன சார் நீங்க, வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுறவன் நான். கேதார்நாத் எம்மாத்திரம்?"ன்னார். ரெண்டு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். வெளியே இருபது பேஷண்ட் காத்திருந்தாங்க. அது காரணம்தான், நியாயம் இல்ல.

4/
அண்ணாச்சி சொன்னதை இந்த மாவட்டத்துல பாதிப் பேர் நம்புறாங்க. அதனால முதல்ல அதை எடுத்துக்குவோம்.

தாணிப்பாறையில இருந்து சுந்தர மகாலிங்கம் கோயில் வரைக்கும் ஏறுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பாறை, ஓடை, செங்குத்தான ஏத்தம். கால் முட்டி, இதயம் ரெண்டுக்கும் அது நல்ல பரிட்சைதான். ஆனா அந்தப் பரிட்சையில "காத்து" பாடத்துக்குக் கேள்வியே கிடையாது.

5/
ஒரு கணக்கு பாருங்க. சிவகாசியும் விருதுநகரும் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய நூறு மீட்டர்தான். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கேதார்நாத் கோயில் 3,583 மீட்டர். அமர்நாத் குகை ஏறக்குறைய 3,880 மீட்டர். மானசரோவர் ஏரிக்கரை 4,590. கயிலாயப் பரிக்கிரமாவுல டோல்மா கணவாய் 5,630.

அதாவது தென்னிந்தியாவுல நீங்க எந்த மலை உச்சியில நின்னிருந்தாலும் சரி, 3,000 மீட்டரை உங்க உடம்பு இதுவரைக்கும் பார்த்ததே இல்ல.

6/
உயரத்துல ஆக்சிஜன் "இல்ல"ன்னு சொல்றது தப்பு. காத்துல ஆக்சிஜனோட பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறையுறது காத்தோட அழுத்தம். அழுத்தம் குறைஞ்சா ஒவ்வொரு மூச்சுலயும் உள்ளே போற ஆக்சிஜன் குறையும். நம்ம ஊர்ல ஒரு மூச்சுல நூறு பங்கு கிடைச்சா கேதார்நாத்துல ஏறக்குறைய 65 பங்கு. டோல்மா கணவாயில பாதிதான்.

உடம்பு இதைச் சமாளிக்கக் கத்துக்கும். மூச்சைக் கூட்டும், சிறுநீரை அதிகமா வெளியேத்தி ரத்தத்தோட ரசாயனத்தைச் சரி பண்ணும். ஆனா அதுக்கு நாள் வேணும். பணம் கட்டி அந்த நாளைக் குறைக்க முடியாது.

7/
நாள் கொடுக்காம ஏறினா என்ன ஆகும்? மூணு விஷயம்.

முதலாவது, மலை நோய். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுத்தல், தூக்கம் வராம புரள்றது. நம்ம ஆளுங்க இதை "வாயு", "பஸ்ல வந்த அலுப்பு", "சப்பாத்தி ஒத்துக்கல"ன்னு சொல்லுவாங்க. 2,500 மீட்டருக்கு மேல புதுசா தலைவலி வந்தா, வேற காரணம் நிரூபணம் ஆகுற வரைக்கும் அது மலை நோய்தான்னு எடுத்துக்கணும்.

8/
ரெண்டாவது, மூளை வீக்கம். ஆள் குடிச்சவர் மாதிரி தள்ளாடுவார், சம்பந்தமில்லாம பேசுவார், ஒதுங்கி உட்கார்ந்துக்குவார். தரையில ஒரு கோடு போட்டு, ஒரு காலோட குதிகாலை அடுத்த காலோட விரல் தொடுற மாதிரி அடிமேல் அடி வச்சு நடக்கச் சொல்லுங்க. முடியலைன்னா ஆபத்து.

மூணாவது, நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல், பிறகு நுரை கலந்த சளி, உதடு நீலம். உயரத்துக்குப் போன ரெண்டாவது, மூணாவது ராத்திரியில பெரும்பாலும் வரும். இந்த ரெண்டும் மணிக்கணக்குல ஆளைக் கொன்னுடும்.

9/
அண்ணாச்சி கதைக்கு வர்றேன். ஹரித்வார்ல இறங்குனாங்க, அது 300 மீட்டர் உயரம்தான். மறுநாள் குப்தகாசி, 1,300 மீட்டர். அதுக்கு மறுநாள் மட்டக் குதிரையில நேரா கேதார்நாத். நம்ம ஊர்ல நாப்பது டிகிரி வெயில்ல கிளம்புன மனுஷன், மூணாம் நாள் உறையுற குளிர்ல, 3,583 மீட்டர்ல ராத்திரி தங்குறார்.

முதல் நாள் சாயங்காலமே தலைவலி. கோயிலைத் தூரத்துல இருந்து பார்த்துக் கும்பிட்டுட்டுப் படுத்துட்டார். மறுநாள் காலையில எந்திரிக்க முடியல. வரிசையும் பெருசு, மழை வேற. கூட்டிட்டுப் போனவர், "இன்னிக்கு ரெஸ்ட் எடுங்க, நாளைக்குக் காலைல தரிசனம்"னார். கற்பூரத்தைத் துணியில கட்டி மோந்து பார்க்கச் சொன்னார். சாயங்காலம் இருமல். படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தாலும் மூச்சு வாங்குது.

10/
அப்போ அவர் வீட்டம்மா ஒரு முடிவு எடுத்தாங்க. "இந்த ராத்திரி இங்க தங்க மாட்டோம். இப்பவே இறக்குங்க."

கூட வந்தவங்க எல்லாரும் சமாதானம் சொன்னாங்களாம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, வாசல்ல வந்து திரும்பினா பாவம், ஒரு ராத்திரிதானே. அந்த அம்மா கேட்கல. முதல்ல அங்கிருந்த மருத்துவ முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த டாக்டரும் உடனே கீழே இறக்கச் சொன்னார். கையில இருந்த காசையெல்லாம் கொடுத்து டோலி பிடிச்சு, ஆக்சிஜன் சிலிண்டரோட இருட்டுல இறங்குனாங்க. இறங்க இறங்க மூச்சு லேசாச்சுன்னு அண்ணாச்சியே சொன்னார். ரெண்டு நாள் கீழே ஆஸ்பத்திரியில இருந்துட்டு ஊர் வந்து சேர்ந்தாங்க.

11/
"அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"ன்னு நான் கேட்டேன். அவங்க சொன்ன பதிலுக்காகத்தான் இந்த இழையே.

"எனக்கு என்ன சார் தெரியும். ஆலையில மருந்து லேசா சூடாகுற மாதிரி தெரிஞ்சா என்னன்னு நின்னு பார்ப்போமா? முதல்ல வெளிய ஓடுவோம். அப்புறந்தானே கேள்வி."

12/
வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம். எங்க ஊர்ல "மருந்து"ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு நான் எழுதிக் கொடுக்கிறது. இன்னொண்ணு பட்டாசுக்குள்ள போற கலவை.

அந்த மருந்து விஷயத்துல எங்க ஜனங்களுக்கு இருக்கிற ஒழுக்கம் சாதாரணமானது இல்ல. ஒரு அறையில நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாது. அளவுக்கு மேல மருந்து வச்சுக்கக் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. பருத்தித் துணிதான் போடணும். இதெல்லாம் யாரோ டெல்லியில உட்கார்ந்து எழுதின சட்டம்னு எங்க ஆளுங்க நினைக்கிறதில்ல. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலயும் தெரிஞ்ச முகம் இருக்கு. விதியை மீறின இடத்துலதான் வெடிக்குதுன்னு எங்க தெருவுக்கே தெரியும்.

13/
இன்னொண்ணும் கவனிங்க. ஆலைக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாரும் சாமி கும்பிடுவாங்க. ஆனா "சாமி கும்பிட்டாச்சு, அதனால இன்னிக்கு அறைக்கு எட்டுப் பேர் உட்காரலாம்"னு எந்தப் போர்மேனாவது சொன்னா அவனை விட்டு வைப்போமா?

மலையில மட்டும் ஏன் அப்படிச் சொல்றோம்? "அவன் கூப்பிட்டுட்டான், அவன் பார்த்துக்குவான்." பக்தி வேற, பாதுகாப்பு வேறன்னு ஆலை வாசல்ல புரிஞ்சு வச்சிருக்கவங்க, கோயில் வாசல்ல மட்டும் மறந்துடுறோம். இதுதான் என் ஒரே வருத்தம்.

14/
இது பக்திக்கு எதிரான பேச்சு இல்ல. யாத்திரை நடத்துறவங்களே இந்த விதிகளை வச்சிருக்காங்க. அமர்நாத்துக்கு 13 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும்தான் அனுமதி, கட்டாய மருத்துவச் சான்றிதழ் வேணும், ஆறு வாரத்துக்கு மேல கர்ப்பமா இருந்தா அனுமதி இல்ல. வெளியுறவு அமைச்சகம் நடத்துற கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு 18 முதல் 70 வயசு, உடல் பருமன் குறியீடு 25 அல்லது அதுக்குக் கீழே. டெல்லியில ஒரு தடவை முழுப் பரிசோதனை, லிபுலேக் வழியா போனா குஞ்சியில மறுபடி ஒரு தடவை. பாதி வழி வந்தவரையும் அங்கேயே திருப்பி அனுப்புவாங்க. நிறைய அழுகைக்கு நடுவுலதான் அந்த விதி நிக்குது.

15/
சரி, விதியை மதிக்காம போனா என்ன? 2022-ல உத்தரகாண்ட் சார்தாம் யாத்திரையில 200-க்கும் மேற்பட்ட பக்தர்கள் இறந்தாங்க. பெரும்பாலும் மாரடைப்பும் உயரம் சம்பந்தப்பட்ட கோளாறும். அவ்வளவு உயரம் இல்லாத நம்ம வெள்ளியங்கிரியிலேயே 2024-ல அடுத்தடுத்து பக்தர்கள் இறந்ததைப் பார்த்தோம்.

சதுரகிரியில 2015 மே மாசம் காட்டாத்து வெள்ளம் வந்து உயிர்கள் போச்சு. இப்போ மழைன்னா வனத்துறை கேட்டைப் பூட்டிருவாங்க. நாமளும் முணுமுணுத்துட்டு, "இந்தத் தடவை மகாலிங்கம் வேண்டாம்னுட்டார்"னு திரும்பி வர்றோம்ல? வானம் கறுத்தா திரும்பத் தெரிஞ்ச நமக்கு, உதடு கறுத்தா திரும்பத் தெரியல.

16/
இப்போ காரியத்துக்கு வருவோம். திட்டம் போடும்போது முதல்ல பார்க்க வேண்டியது பஸ் ஏசியா, சாப்பாடு நம்ம ஊர் சமையலான்னு இல்ல. "எந்த ராத்திரி எத்தனை மீட்டர்ல தூங்குறோம்?" இந்த ஒரு கேள்வியை டூர்க்காரர்கிட்ட கேளுங்க. பதில் தெரியாதவர் கூடப் போகாதீங்க.

3,000 மீட்டரைத் தாண்டினா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்துல ஒரு நாள் கூடுதலா தங்கணும். பகல்ல உயரம் போகலாம், ராத்திரி தாழ இறங்கித் தூங்கணும்.

17/
கேதார்நாத்துல இதைக் கடைப்பிடிக்கிறது கஷ்டம். நடுவுல தங்க நல்ல ஊர் இல்ல. அதனால குப்தகாசி பக்கத்துல ஒரு ராத்திரிக்குப் பதில் ரெண்டு ராத்திரி தங்கி அலுப்பை ஆத்துங்க. மேலே போய்த் தலைவலி, வாந்தி இருந்தா அங்கே ராத்திரி தங்காதீங்க, இறங்குங்க.

"ஹெலிகாப்டர்ல போறோம் சார், நடக்கவே வேண்டாம்"னு பெருமையாச் சொல்றவங்களுக்கு: ஹெலிகாப்டர் உங்க காலைக் காப்பாத்தும், நுரையீரலைக் காப்பாத்தாது. நடந்து போறவருக்கு உடம்பு பழக அரை நாளாவது கிடைக்குது. உங்களுக்குப் பத்து நிமிஷம்தான். நேபாளம் வழியா சிமிகோட், ஹில்சான்னு பறந்து கயிலாயம் போறவங்களுக்கும் இதேதான். ஏரிக்கரைக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி இல்லாத திட்டத்துல பணம் கட்டாதீங்க.

18/
டாக்டர்கிட்ட வரும்போது முந்தின வாரம் வராதீங்க. மூணு மாசம் முன்னாடி வாங்க. ஹீமோகுளோபின், இசிஜி, தேவைப்பட்டா எக்கோ. ஸ்டென்ட் வச்சவங்க, சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க இதய மருத்துவர் சொல்லாம கிளம்பாதீங்க.

எங்க பகுதிப் பெண்களுக்கு முக்கியமா ஒண்ணு. ரத்தசோகையோட ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்ட்டு வர்றவங்க நிறையப் பேர். ஆக்சிஜனைச் சுமக்குற வண்டியே கம்மியா இருக்கும்போது, ஆக்சிஜனும் கம்மியான இடத்துக்குப் போறீங்க. மூணு மாசத்துல அதைச் சரி பண்ணிடலாம். மூணு நாள்ல முடியாது.

பீடி பழக்கம் உள்ளவங்க, வருஷக்கணக்கா மருந்துத் தூசியில வேலை பார்த்தவங்க நுரையீரல் ஊதிப் பார்க்கிற டெஸ்ட் பண்ணிக்கோங்க. அண்ணாச்சிக்கு ஊர் வந்த பிறகுதான் அதை எடுத்தேன். நுரையீரல் ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தது. அங்கே நடந்ததுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த நுரையீரல் அந்த அவசரத்துல ஏறியிருக்கக் கூடாது. கையெழுத்துக்கு முன்னாடி நான் பார்த்திருக்க வேண்டியது அது.

19/
பிரஷர், சுகர் மாத்திரையை யாத்திரையில நிறுத்தாதீங்க. விரதம் இருந்துட்டு சுகர் மாத்திரையை மட்டும் போட்டு மலை ஏறினா சுகர் இறங்கி மயக்கம் வரும், அதை மலை நோய்னு நினைப்பாங்க. இன்சுலினைப் பையில போட்டா குளிர்ல உறைஞ்சு வீணாகும், சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க.

அசட்டசோலமைடுன்னு ஒரு மாத்திரை உடம்பு பழகுறதுக்கு உதவும். ஆனா எல்லாருக்கும் ஆகாது, சல்ஃபா அலர்ஜி உள்ளவங்க கட்டாயம் சொல்லணும். மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. கற்பூரம் மோந்தா மூக்கு ஜில்லுன்னு இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாது. கையில எடுத்துட்டுப் போற சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிஷத்துல தீர்ந்துடும், அதை நம்பி மேலே தங்காதீங்க. தூக்க மாத்திரை, மது ரெண்டும் அங்கே வேண்டாம்.

20/
எல்லாத்துக்கும் மேல மூணு விதி.
தலைவலியோட அடுத்த உயரத்துக்கு ஏறாதே.
மோசமாகிக்கிட்டே போனா ராத்திரின்னாலும் இறங்கு.
முடியாதவரை அறையில தனியா விட்டுட்டு தரிசனத்துக்குப் போகாதே.

மூணாவதுதான் எங்க ஊர் குழுக்கள்ல அதிகமா மீறப்படுது. "நீ படு, நாங்க பார்த்துட்டு உனக்குப் பிரசாதம் கொண்டு வர்றோம்." திரும்பி வரும்போது பிரசாதம் வாங்க ஆள் இல்லாம போன குடும்பங்கள் உண்டு.

21/
டூர் நடத்துறவங்களுக்கு: ஒரு ராத்திரி கூட்டினா தலைக்கு எவ்வளவு ஏறும்னு எனக்கும் தெரியும். பக்கத்துத் தெருக்காரர் ரெண்டு நாள் குறைச்சு, விலையும் குறைச்சு நோட்டீஸ் அடிப்பார்னும் தெரியும். ஆனா நீங்க விக்கிறது ஜவுளி இல்ல.

அரசுக்கு: மானசரோவர், முக்திநாத் போய் வர்றவங்களுக்கு அறநிலையத்துறை மூலமா மானியம் தர்றீங்க, நல்ல விஷயம். அதோட அரைநாள் மருத்துவ வகுப்பும் சேர்த்துத் தாங்க.

என் சக டாக்டர்களுக்கு: ரெண்டு நிமிஷக் கையெழுத்தை நிறுத்துவோம். என் கையெழுத்துக்கு இப்போ இருபது நிமிஷமும் மூணு டெஸ்டும் ஆகுது. சிலர் கோவிச்சுக்கிட்டு வேற டாக்டர்கிட்ட போறாங்க. போகட்டும்.

22/
கடைசியா, அண்ணாச்சி. உடம்பு தேறிட்டார், மனசு தேறல. "வாசல் வரைக்கும் போய்ட்டு மூஞ்சியப் பார்க்காம வந்துட்டேன் சார். இவ இழுத்துட்டு வந்துட்டா." அதைச் சொல்லும்போது கண் கலங்குது. அந்தம்மா ஒண்ணும் பேசாம பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. உயிரைக் காப்பாத்தினவங்க குத்தவாளி மாதிரி தலை குனிஞ்சிருந்ததை என்னால பார்க்க முடியல.

23/
எனக்குத் தெரிஞ்ச ஒரே பதிலை அவர்கிட்ட சொன்னேன். திருநாவுக்கரசர் தள்ளாத வயசுல கயிலாயம் போகக் கிளம்பினார். கால் தேய்ஞ்சு, கை தேய்ஞ்சு, தவழ்ந்து, புரண்டு போனார். திரும்பிப் போன்னு வழியில சொன்னப்போ, பார்க்காம திரும்ப மாட்டேன்னு அவரும் பிடிவாதம்தான் பிடிச்சார். அண்ணாச்சி மாதிரியே. "இன்னும் கொஞ்ச தூரம்தான், ஏறு"ன்னு சாமி சொல்லல. அங்கிருந்த குளத்துல மூழ்கச் சொல்லி, திருவையாத்துல எழுப்பி, கயிலைக் காட்சியை அங்கேயே காட்டினார்னுதான் பெரிய புராணம் சொல்லுது. இன்னிக்கும் ஆடி அமாவாசை அன்னிக்குத் திருவையாத்துல அது விழாவா நடக்குது. அப்பருக்கே அந்தச் சலுகை உண்டுன்னா, உங்களுக்கு இல்லையா அண்ணாச்சி?

24/
இந்த ஆடி அமாவாசைக்கு ரெண்டு பேரும் சதுரகிரி போகல. திருவையாறு போய்ட்டு வந்தாங்க. கிளினிக்குக்கு விபூதிப் பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார். பீடியை விட்டு நாலு மாசம் ஆச்சாம். வீட்டம்மாவைக் காட்டி, "இவதான் சார் எங்க போர்மேன்"னார். அந்தம்மா அன்னிக்குத்தான் சிரிச்சாங்க.

போய்ட்டு வாங்க. நல்லாத் திட்டம் போட்டு, ஒரு ராத்திரி கூடுதலா தங்கி, நிதானமாப் போய்ட்டு வாங்க. முடியலைன்னா திரும்பி வாங்க. மலை அங்கேயேதான் இருக்கும்.

டூர் போறவங்க இருக்கிற உங்க வாட்ஸ்அப் குரூப்புல இதைப் போட்டு விடுங்க.